ரிசீவரா, டிவியா: படத்தை யார் திருத்துவது?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்குகிறவர்கள் ஒலியைக் காது கொடுத்துச் சோதிப்பார்கள். அதே பெட்டி படத்திலும் கைவைக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்கும் வேலையைப் பிளேயரோ, ரிசீவரோ, டிவியோ செய்யலாம். யாராவது ஒருவர் செய்தால் போதும்.

சோதிக்கும் முன் டிவியில் படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணைத்து, ஷார்ப்னஸைக் குறைத்து, சினிமா மோடுக்கு மாற்றுங்கள். பிறகு ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பாருங்கள்: ரிசீவரின் வீடியோ செயலாக்கத்தை அணைத்து ஒருமுறை, அதை 4கே-க்கு வைத்து இன்னொருமுறை.

உண்மையான பரீட்சை 1080i சிக்னலில்தான். டிடிஎச் எச்டி சேனல்களில் இது சகஜம். விநாடிக்கு 50 அரைப்படங்கள் வரும். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டையும் பிசிறில்லாமல் கோப்பதில்தான் வீடியோ சிப்பின் திறமை தெரியும். அமெரிக்க முறையில் 24 ஃபிரேம் சினிமாவை 60 அரைப்படங்களாக்கும்போது சில அரைப்படங்கள் திரும்ப வரும். அதை வைத்தே இது சினிமா என்று சிப் அடையாளம் கண்டு, அரைப்படங்களைச் சரியான ஜோடியாகக் கோத்துவிடும். நம் 50-இல் அப்படித் திரும்ப வருவது எதுவும் இல்லை. அதனால் இங்கே ஏமாறும் சிப்கள் அதிகம். அமெரிக்க விமர்சனங்களில் நல்ல பெயர் வாங்கிய ரிசீவரையும் நம் சிக்னலில் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கோபுரத்தின் மேல் கேமரா மெதுவாக நகரும் காட்சி ஒன்றைப் போடுங்கள். சிற்ப அடுக்குகளின் விளிம்புகள் துடித்தால் சிப் தோற்றுவிட்டது. கிரிக்கெட்டில் கிரீஸ் கோடு சாய்வாக வரும்போது படிக்கட்டுப் போல உடைகிறதா பாருங்கள். படத்துக்குக் கீழே எழுத்து ஓடும் நேரம் இன்னும் கடினமானது: படம் ஒரு தாளத்தில், எழுத்து வேறு தாளத்தில். எழுத்து சீப்புப் பல்லாகப் பிளந்தால் அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். முறையாகச் சோதிக்க ஸ்பியர்ஸ் அண்ட் மன்சில் புளூ-ரே, பழைய எச்க்யூவி டிவிடி போன்ற சோதனை வட்டுகள் உண்டு.

2007 வாக்கில் ஆன்கியோ டிஎக்ஸ்-எஸ்ஆர்875 போன்ற ரிசீவர்களில் ரியான் என்ற தனி வீடியோ சிப்பே இருந்தது. அன்று ரிசீவரிடம் வேலையை விட்டதில் அர்த்தம் இருந்தது. இன்று நடுத்தர விலை 4கே டிவியே இதை நன்றாகச் செய்கிறது. எனவே என் சிபாரிசு: ரிசீவர் சிக்னலைத் தொடாமல் கடத்தட்டும். பழைய புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள், சிவப்பு-வெள்ளை-மஞ்சள் கேபிளில் வரும் பழைய பிளேயர்களை ஒரே எச்டிஎம்ஐ-யில் சேர்க்க நினைப்பவர்கள் மட்டும் ரிசீவரை நம்பலாம்.

கேம் கன்சோலுக்குச் சோதனையே வேண்டாம். செயலாக்கம் கூடினால் பட்டன் அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே தாமதம் கூடும். ரிசீவர் 4கே 120 ஹெர்ட்ஸைக் கடத்தாது என்றால், கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் இஆர்க் (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள்.