தரம் மாறும் பொருளில் விரிசல்



விரிசல் விழுந்த ஓர் உறுப்பு இன்னும் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அந்த விரிசலின் முனையே முடிவு செய்கிறது என்பதால், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் அயர்வையும் முறிவையும் ஆராயத் தனி ஆய்வகம் வைத்திருக்கிறது. முனையைச் சுற்றித் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை, எவ்வளவு கடுமையாகக் குவிகிறது என்பதை அளக்கும் எண்ணுக்குத் தகைவுச் செறிவுக் கெழு என்று பெயர். பாடநூல்கள் பெரும்பாலும் எங்கும் ஒரே தன்மையுடைய பொருளுக்கே இதனைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன.

ஆனால் மூங்கிலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கும் நார்க்கற்றைகள் உள்நோக்கிச் செல்லச் செல்ல விலகி நிற்பதும், அதற்கேற்ப விறைப்பு குறைந்துகொண்டே வருவதும் தெரியும். இதைப் போலவே, 1984இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், 10 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் ஒருபுறம் 2000 கெல்வின், மறுபுறம் 1000 கெல்வின் வெப்பநிலையைத் தாங்கவேண்டிய விண்விமானச் சுவருக்காக, பீங்கானிலிருந்து உலோகத்துக்குச் சிறுகச் சிறுக மாறும் பொருளை முன்வைத்தனர். இரண்டையும் நேரே ஒட்டினால், வெப்பத்தில் அவை வெவ்வேறு அளவில் விரிந்து ஒட்டிய இடம் பெயர்ந்துவிடக்கூடும்.

இத்தகைய பொருளிலும் விரிசல் முனையை மிக நெருங்கிய இடத்தில் தகைவு பரவும் வடிவம் சீரான பொருளில் உள்ளதைப் போன்றதே. ஆயினும் கெழுவின் அளவைப் பண்பு மாறும் வேகமும் திசையும் பாதிக்கின்றன. விரிசலின் இருபுறமும் விறைப்பு வேறுபட்டால், நேராக இழுத்தாலும் முனையில் சறுக்கலும் சேர்ந்துகொள்வதால், விரிசல் நேர்வழி விட்டுத் திரும்பக்கூடும்.

இந்தக் கெழுவைக் கண்டறிய உதவும் வகையில், சீரான மீட்சிப் பொருளில் முனையைச் சூழ்ந்து எந்தச் சுற்றுப்பாதையில் கணக்கிட்டாலும் ஒரே மதிப்புத் தரும் ஜே-தொகையீட்டை 1968இல் ஜேம்ஸ் ரைஸ் அளித்தார். விரிசல் செல்லும் திசையில் பண்பு மாறும்போது இந்த வசதி குலைகிறது. மாற்றத்தின் பங்கைப் பாதைக்குள் அடங்கிய பரப்பு முழுவதும் கூட்டிச் சேர்த்தால்தான் விடை மீண்டும் நிலைபெறும். பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியரான பி. என். ராவ், ஷரீஃப் ரஹ்மானுடன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பொருளைச் சிறு கூறுகளாகப் பிரிக்காமல் கணுப்புள்ளிகளைக் கொண்டே கணக்கிடும் வலையற்ற முறையைக் கையாண்டு, பண்புகளை இடத்துக்கு இடம் சீராக மாறும் சார்புகளாகவே எடுத்துக்கொண்டு, திறப்பையும் சறுக்கலையும் பிரித்தறியும் இரு புதிய தொகையீடுகளை வகுத்தார்.

ஆகவே, மென்பொருள் தரும் எண்ணை ஏற்குமுன், சிறியதும் பெரியதுமான பல பாதைகளில் அதே விடை வருகிறதா என்று சரிபார்ப்பதும், அதனை முனை நிற்கும் இடத்துக்குரிய முறிவுத் தாங்குதிறனோடு ஒப்பிடுவதும் கட்டாயம். சராசரிப் பண்பை வைத்துப் போடும் கணக்கு எளிது. ஆனால் விரிசல் சந்திப்பது சராசரியை அன்று, அந்தந்த இடத்துப் பொருளையே. உயிர்களின் பாதுகாப்பு இந்தக் கணக்கைச் சார்ந்திருப்பதால், இதில் காட்டும் பொறுமை பொறியாளரின் முதற்கடமை.