பயறு முளைக்க விண்வெளி எதற்கு?

நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் உருவாகி வருவதால், மில்லர்புரத்தில் என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ராக்கெட்டைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அதில் ஏறிச் செல்லும் ஆய்வைப் பற்றிக் கேட்பதில்லை. அதற்கான செயல்பாடு இது.

2025 ஜூன் 25 அன்று புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 7 இந்திய ஆய்வுகளைச் செய்தார். அவற்றில் ஒன்று பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கும் விதம்.

செயல்பாடு: இரண்டு கண்ணாடித் தம்ளர்களின் உட்புறம் ஈரத்தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறிய பச்சைப்பயறுகளைச் செருகுங்கள். வேர் விட்டதும் ஒன்றைப் படுக்க வையுங்கள். மற்றது நிமிர்ந்தே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே இருட்டு அலமாரி, ஒரே அளவு ஈரம். படுத்த தம்ளரின் பக்கவாட்டில் உள்ள வேர்கள் ஓரிரு நாளில் கீழ்நோக்கி வளையும்.

கலந்துரையாடல்: நீரை நிறுத்தலாம், ஒளியை மறைக்கலாம், ஈர்ப்பை நிறுத்த முடியுமா? மாணவர்கள் யோசித்த பிறகு விண்வெளி நிலையத்தைச் சொல்லுங்கள். சுமார் 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு உண்டு. நிலையமும் பயறும் சேர்ந்தே விழுந்தபடி புவியைச் சுற்றுவதால்தான் அங்கே எடையில்லா நிலை.

மதிப்பீடு: "நிமிர்ந்த தம்ளர் எதற்கு?" ஒப்பிடுவதற்கு என்று மாணவர் காரணத்துடன் சொன்னால், பாடம் சேர்ந்துவிட்டது.