ஆங்கிலம் பழகுவோம்: கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்



திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என்றாலும், தோட்டத்தில் என்றாலும், இன்சுலின் வாங்கினால் கேட்கக்கூடிய வசனம் இது: "கீப் இட் கூல்."

கீப் – வை. இட் – அதை. கூல் – குளிராக.

தமிழில் "வை" கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது முதலில். "குளிராக" என்று நாம் "ஆக" சேர்ப்பதால் "கூல்லி" என்று சொல்லிவிடாதீங்க. "கூல்" மட்டும் போதும்.

நடுச்சொல்லும் முக்கியம். "இட் மேக்ஸ் மீ ஹேப்பி" சரி. "மீ" இருக்குமிடத்தில் "ஐ" வராது.

கடைசிச் சொல் மாறினால் பொருளே மாறும். "கீப் இட் ஃப்ரோசன்" என்றால் உறைய வை. இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும். ஐஸ் கட்டும் தட்டில் வைக்கவே கூடாது!

பயிற்சி: "கீப் இட் ட்ரை", "லீவ் இட் ஓப்பன்". இரண்டுக்கும் பிள்ளைகளிடம் தமிழ் கேளுங்கள்.