பிரஷரும் படபடப்பும் உள்ள அடியார்களுக்கு: ஆறெழுத்தோடு ஒரு மூச்சுப் பயிற்சி

ஓம் சரவணபவ!



"தினமும் ஜபம் பண்றேன், மனசு லேசா இருக்கு. பிரஷர் மாத்திரையை விட்டுடலாமா?" கந்த சஷ்டி நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடறாங்க. பதிலை முதல்லயே சொல்லிடறேன்: விடக்கூடாது. சில மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்தினா பிரஷர் முன்னைவிட அதிகமா எகிறும். ஜபமும் மூச்சுப் பயிற்சியும் மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை. ஆனா நல்ல துணை. எப்படின்னு பார்ப்போம்.

பயமோ கவலையோ வந்தா உடம்புல அட்ரினலின் சுரக்குது. இதயம் வேகமா அடிக்குது, ரத்தக்குழாய் சுருங்குது, அழுத்தம் ஏறுது. அந்தப் படபடப்பைப் பார்த்து மனசு இன்னும் பயப்படுது. இதை அடக்க உடம்பிலேயே ஒரு காவல்காரன் இருக்கான். கழுத்து வழியா மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாயில், அழுத்தத்தைக் கவனிக்கிற நரம்பு முனைகள் இருக்கு. அழுத்தம் கூடினதும் மூளைக்குத் தகவல் போகும், இதயம் நிதானமாகும். பிரஷர் உள்ளவங்களுக்கு இந்தக் காவல்காரன் கொஞ்சம் மந்தம். சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடறோம். அதை 6-க்குப் பக்கத்துல கொண்டுவந்தா அவன் சுறுசுறுப்பாயிடறான்.

2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர், ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வெச்சாங்க, "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்ல வெச்சாங்க. ரெண்டிலுமே மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு 6 அளவுக்கு இறங்கினது. நம்ம மந்திரத்துக்கு மட்டும்தான் இந்தச் சக்தின்னு சண்டைக்குப் போக வேண்டாம்; முருகன் கோவிச்சுக்க மாட்டார். அதுக்கும் முன்னாடியே, 1970-களில், இங்கிலாந்தில் டாக்டர் சந்திரா படேல் தன் பிரஷர் நோயாளிகளுக்கு யோக முறைத் தளர்வைப் பழக்கி, அழுத்தம் குறைஞ்சதை லான்செட் இதழில் எழுதினாங்க.

நம்ம ஆறெழுத்தை இதுக்கு வெச்சுக்கலாம். இந்தக் கணக்கு நான் போட்டது, சாஸ்திரம்னு நினைச்சுடாதீங்க. நாற்காலியில் முதுகு சாய்ச்சு உட்காருங்க. மூக்கு வழியா மெதுவா 4 எண்ணிக்கை மூச்சை இழுங்க. விடும்போது மனசுக்குள்ள ச... ர... வ... ண... ப... வ..., எழுத்துக்கு ஒரு விநாடி. மொத்தம் 10 விநாடி, நிமிஷத்துக்கு 6 மூச்சு. முதல் வாரம் 5 நிமிஷம் போதும், அப்புறம் 10, 15-ன்னு கூட்டிக்கலாம். வலிஞ்சு இழுக்கக் கூடாது. தலை சுத்தினா விட்டுட்டு சாதாரணமா மூச்சு விடுங்க. பிரஷர் உள்ளவங்க மூச்சை அடக்கற கும்பகம், வேகமா அடிக்கற கபாலபாதி, பஸ்திரிகா, சிரசாசனம் இதெல்லாம் தாங்களா செய்ய வேண்டாம்.

ராத்திரி தூக்கம் வராதவங்களுக்கு இன்னொண்ணு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் புத்தகமா எழுதின தசைத் தளர்வு முறை. படுத்துக்கிட்டு பாதத்தை 5 விநாடி இறுக்கி, சட்டுனு தளர விடணும். அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். இறுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்காதீங்க. நம்ம சஷ்டி கவசத்திலும் ஒவ்வொரு அங்கமா நினைச்சுத்தானே காக்கச் சொல்லி வேண்டறோம்! கவசம் படிச்சுப் பழகினவங்களுக்கு இது சுலபமா வந்துடும்.

இதனால பிரஷர் சில புள்ளிகள் குறையலாம். 170 இருக்கறது 120 ஆகும்னு எதிர்பார்க்காதீங்க. வீட்டுல அளக்கறதா இருந்தா, 5 நிமிஷம் பேசாம உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்துல வெச்சு அளங்க. காபி குடிச்ச அரை மணிக்குள்ள வேண்டாம். எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரையைக் குறைக்கணும்னா அவர் குறைப்பார்.

ஆறு நாள் விரதம் இருக்கறவங்க, முக்கியமா நீர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ சாப்பிடறவங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. தண்ணியும் குடிக்காம இருந்தா மயக்கம் வரும். மாத்திரை விழுங்கினா விரதம் கெடாது. பழனியில் 693 படி ஏற முடியலைன்னா வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு, அதுல போய் தரிசனம் பண்ணுங்க.

தினமும் படபடப்பு வந்து வேலையே ஓடலைன்னா, மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, வாய் கோணல், பேச்சுக் குழறல், இதுல எது வந்தாலும் மூச்சுப் பயிற்சி பண்ணிக்கிட்டு உட்காராதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. போற வழியில் முருகா முருகான்னு சொல்லிக்கலாம்.

வேலும் மயிலும் துணை!