ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ முட்டையும்



உணவு உற்பத்தியால் பூமி சூடாவதைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். எந்த உணவால் எவ்வளவு பாதிப்பு என்பதைப் பெரும்பாலும் எடையை வைத்தே சொல்கிறார்கள். 2018இல் ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள், 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதன்படி, ஒரு கிலோ அரிசி கடைக்கு வந்து சேர்வதற்குள் உலகச் சராசரியாக நாலரை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் உண்டாகும் மீத்தேன் இதற்கு முக்கியக் காரணம். ஒரு கிலோ முட்டைக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

அப்படியானால் இரண்டும் சமமா? யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பசியாற்றும் கலோரிதான் தேவை என்றால், 1,000 கலோரிக்கு அரிசி 1.2 கிலோ வாயுவையும் முட்டை 3.2 கிலோவையும் வெளியிடுகின்றன. அரிசியே மேல். புரதம்தான் தேவை என்றால், 100 கிராம் புரதத்துக்கு அரிசி 6.3 கிலோ, முட்டை 4.2 கிலோ. இப்போது முட்டை மேல். பயறு வகைகளோ ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ கரும்புச் சர்க்கரையும் ஒரு லிட்டர் பாலும் பூமிக்குத் தரும் சுமை ஏறக்குறைய ஒன்றே, தலா மூன்று கிலோவுக்குச் சற்று மேல். வளரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எந்தத் தாய் சொல்வார்?

இதனால்தான் சுற்றுச்சூழல் கணக்கில் ஊட்டச்சத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் தனி அறிக்கையே வெளியிட்டது. அது எளிதான வேலையில்லை. எந்தச் சத்தை எண்ணுவது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. அவர்களுக்கு இரும்புச்சத்தை எண்ணாத கணக்கு அரைகுறைக் கணக்குதான். மேலும், நாம் உணவைத் தனித்தனியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றோடு பருப்பைச் சேர்த்தால் ஒன்றில் குறையும் புரதக் கூறை மற்றது ஈடுசெய்கிறது. எலுமிச்சை, இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கிறது. (பிரியாணிக்குப் பின் சுலைமானி கேட்பவர்கள் ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.)

ஆட்டிறைச்சிப் பிரியர்கள் இதை வைத்து வாதாட வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். இறைச்சியில் சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புரதத்தை வைத்துக் கணக்கிட்டாலும் ஆட்டிறைச்சியின் சுமை முட்டையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் சத்து அதிகம், சுமை குறைவு.

ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பை கட்டும்போது அரிசி, சர்க்கரை, எண்ணெய் என்று கிலோக் கணக்கில்தான் நாம் பட்டியல் போடுகிறோம். இந்த ரமலானுக்குச் சர்க்கரையில் ஒரு கிலோவைக் குறைத்து, அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் அளவு பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சேர்க்கலாம் என்பது நம் யோசனை. பை வாங்கும் வீடுகளின் பெண்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பட்டியலை முடிவு செய்வோம்.