ஹவுசிங் போர்டு பார்க்கிங்: சண்டையில்லாமல் இடம் பிரிப்பது எப்படி?

திருப்பாச்சூர் வட்டாரத்திலிருந்து காக்களூர் சிட்கோவுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நைட் ஷிப்டு முடித்து விடிகாலையில் வந்தால் வண்டி விட இடம் இருக்காது. ஒரு மூலையில் பூந்தொட்டி, இன்னொன்றில் உடைந்த நாற்காலி, இரண்டு தூணுக்கு நடுவே நைலான் கயிறு. கேட்டால், "இது எங்க இடம்" என்று மாடியிலிருந்து பதில் வரும். அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒதுக்கீட்டு ஆணையை அல்லது விற்பனைப் பத்திரத்தை எடுத்து, பார்க்கிங் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று படியுங்கள். அடுத்து வேண்டியது கட்டட அனுமதி வரைபடம். அலுவலகத்தில் இழுத்தடித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, வீட்டுவசதி வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். "ஏன் ஒதுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "அனுமதி வரைபட நகலும் பார்க்கிங் ஒதுக்கீட்டுப் பட்டியலும் தேவை" என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மும்பை பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், தூண்தளப் பார்க்கிங்கைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆனால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதிகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. வாடகைக் குடியிருப்பு என்றால் கதை வேறு. அங்கே இடம் வாரியத்துடையது, முடிவும் அதனுடையதே.

வரைபடம் கைக்கு வந்ததும் டேப்பும் சுண்ணாம்புக்கட்டியுமாக இறங்குங்கள். காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று கணக்கு. அதே இடத்தில் நாலைந்து பைக் நிற்கும். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வரும் வழி, சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டி வாய் ஆகியவற்றை முதலில் கழித்துவிட வேண்டும்.

பிறகு குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு. பத்திரத்தில் இடம் எழுதப்பட்டவர்களை விட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் குலுக்கல் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் யாருக்கும் நிரந்தர வெயில் இல்லை, நிரந்தர நிழலும் இல்லை. மாற்றுத்திறனாளிக்குப் படிக்கட்டோ லிஃப்டோ பக்கத்தில், சக்கர நாற்காலி இறங்கும்படி 3.6 மீட்டர் அகலத்தில் ஓர் இடத்தைக் குலுக்கலுக்கு வெளியே வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வண்டி முடிந்த பிறகே இரண்டாவது கார்.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளில் மாதக் கட்டணம் கட்டியவர்களுக்கென்று சிவப்புக் கோடு போட்ட இடங்கள் உண்டு. இரண்டாவது காருக்குக் கட்டணம் கூடுதல். ஆனாலும் சிவப்புக் கட்டங்கள் காலியாகக் கிடக்க, விருந்தாளிகள் இடம் தேடிச் சுற்றும் குறை அங்கும் எழுகிறது. நம் ஊருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவரையும் இரவில் போகிறவரையும் ஜோடி சேர்த்து ஓரிடத்தைக் கொடுக்கலாம். ஷிப்டு மாறும் வாரம் மட்டும் இருவரும் போனில் பேசிக்கொள்ள வேண்டும். பிடிவாதமில்லாத இரண்டு வீடுகளோடு தொடங்கிப் பாருங்கள்.

முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, எண்ணைத் தரையில் பெயின்டால் போடுங்கள். பூந்தொட்டி, கயிறு, சங்கிலி எதற்கும் இடமில்லை என்பதும் அதில் இருக்கட்டும்.

அதற்கும் மசியாதவர் இருந்தால், தீர்மான நகலோடு வாரியச் செயற்பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த படி, திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். தமிழக அரசின் 1100 உதவி எண்ணும் இருக்கிறது. பொது இடத்தை வாரியமோ கட்டுநரோ விற்றதாகத் தெரிந்தால், ரெரா வரம்புக்குள் வரும் குடியிருப்பு என்றால், தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம்.

வரைபடம் கைக்கு வராமல் மட்டும் கூட்டம் போடாதீர்கள். வரைபடம் கேட்கும் மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.