நஞ்சு தெளியாது நுளம்பை ஒடுக்குதல்

நுளம்பு நீரிலே பிறந்து காற்றிலே திரியும் பூச்சி. காற்றில் திரிவதைத் தேடிக் கொல்வது அரிது. நீரில் கிடக்கும் குடம்பியோ தான் பிறந்த நீரை விட்டு ஓடமாட்டாது. ஆகவே நுளம்பை ஒடுக்கும் வேலை பெரும்பாலும் நீரை ஆள்பவர் கையிலேயே இருக்கின்றது. நம் கிராமங்களில் நீரை ஆள்பவர் கமக்காரர். குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சுபவரும், கிணற்று நீரைத் தோட்டத்துக்கு இறைப்பவரும், தொட்டியிலும் பீப்பாவிலும் தேக்கி வைப்பவரும் அவரே.

நீரும் நோயும்

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் ஓடும் ஆறுகள் வற்றி, மணற்படுகைகளிலே தெளிந்த சிறு குட்டைகளாயின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்புக்கு வெயில்படும் இத்தகைய நீரே உகந்தது. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த கொள்ளைநோய் 1935 ஆம் ஆண்டிலும் தொடர்ந்து, ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. இது மழை மிகுந்து வந்த கேடன்று, மழை குன்றி வந்த கேடு. நுளம்புக்கு வேண்டுவது மிகுந்த நீரன்று. அசையாது நிற்கும் நீரே.

பின்னர் டி. டி. ரீ. வந்தது. 1946 ஆம் ஆண்டளவில் வீடுதோறும் தெளிக்கத் தொடங்கியதன் பயனாக, 1963 ஆம் ஆண்டில் இத்தீவு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபின் 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அதே நோய் மீண்டும் பற்றியது. அதற்குள் நுளம்பு அந்நஞ்சுக்குப் பழகிவிட்டமையால் 1977 முதல் மலதயனை நாடவேண்டியதாயிற்று. கமக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. நெல்வயலில் பெருகும் வேறோர் அனோபிலிசு இனம் மலதயன் வகுப்பைச் சேர்ந்த நஞ்சுகளுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். அவ்வெதிர்ப்பு வீட்டுச் சுவரிலே தெளித்த மருந்தால் வந்ததன்று. பயிர்ப் பூச்சிக்கென வயலிலே தெளித்த மருந்தால் வந்தது.

பல்லாண்டு முயற்சியின்பின் 2012 ஆம் ஆண்டோடு உள்ளூரிலே தொற்றும் மலேரியா நின்றது. 2016 செத்தெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு தீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. ஆற்றுக் குட்டையை நாடும் பழைய நுளம்பைப் போலன்றி, இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுவது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருவோர் இன்றும் உளர். கிணறு நிறைந்த தோட்டப் பகுதியில் இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

டெங்குவும் அவ்வாறே. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். வயலைச் சார்ந்த கியூலெக்சு நுளம்பு பரப்பும் யப்பானிய மூளைக்காய்ச்சல் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதியிலே பரவிற்று. 1988 முதல் ஏற்றப்படும் தடுப்பூசியால் அது அடங்கியுள்ளது. நுளம்பு இன்னும் வயலிலேயே உள்ளது.

குடம்பியை அறிதல்

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நுளம்பு என நான்கு நிலைகள் உண்டு. முதல் மூன்றும் நீரில் நிகழ்வன. இந்நாட்டு வெப்பத்தில் முட்டை பறக்கும் நுளம்பாக 8 முதல் 12 நாள் வரை செல்லும். கிழமைக்கு ஒருமுறை நீரை அகற்றினால் எந்த நுளம்பும் சிறகு பெறாது என்பது இக்கணக்கிலிருந்து வருவதே.

வெள்ளைப் பீங்கானில் சிறிது நீரை முகந்து பார்த்தால் குடம்பியின் இனத்தை ஓரளவு அறியலாம். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருப்பது அனோபிலிசு. தலை கீழாகத் தொங்குவது கியூலெக்சு அல்லது ஈடிசு. டெங்குவைப் பரப்பும் ஈடிசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே பீப்பாவைக் கவிழ்த்தால் மாத்திரம் போதாது. தேங்காய்த் தும்பினாலோ தூரிகையினாலோ உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

நெல்வயலில் நீரை ஆளுதல்

வயலில் எப்பொழுதும் நீர் நிற்றல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடம் ஊறியுள்ளது. களையை அடக்க ஆரம்ப வாரங்களில் நீர் தேவை என்பது உண்மையே. ஆனால் பயிர் ஊன்றியபின், நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் நெல்லுக்குக் கேடில்லை. நீர் மிச்சமாகும், நுளம்புக் குடம்பியும் மாளும்.

செய்யும் விதம் இதுவே: 2 அங்குலம் அளவு நீர் கட்டி, அது தானே வற்ற விடுக. சேற்றின்மேல் நீர்ப்படலம் மறைந்தபின் இரண்டு மூன்று நாள் பொறுத்து, மண்ணிலே மயிர்போன்ற வெடிப்புத் தோன்றும் வேளையில் மீண்டும் பாய்ச்சுக. காலையில் வடித்து மாலையில் நீர் கட்டுவதால் பயனில்லை, ஏனெனில் ஈரச் சேற்றிலே குடம்பி சில காலம் தாங்கி நிற்கும். குடலைப் பருவந் தொடங்கிப் பூத்து முடியும் வரையில் வயலைக் காயவிடலாகாது. அக்காலத்திற் காய்ந்தால் பதர் மிகும். கடலோர உவர் நிலங்களில், காயவிட்டால் உப்பு மேலேறும் ஆகையால், அங்கே இம்முறையைக் கைக்கொள்ள வேண்டாம். காலபோகத்து அடைமழையில் வயலைக் காயவிடுவது எவராலும் ஆகாது. சிறுபோகத்திலேயே இதன் பயனை முழுதும் பெறலாம். நீருக்கு முட்டுப்பாடு உள்ள காலமும் அதுவே.

இம்முறை பலிப்பதற்கு நிலம் மட்டமாயிருத்தல் இன்றியமையாதது. பள்ளமும் மேடுமான வயலில் நீரை வற்றவிட்டால், குடம்பிகளெல்லாம் பள்ளத்திலும் மாட்டுக் குளம்படிக் குழியிலும் வந்து ஒதுங்கும். மீன் அங்கே வராது. நீரும் எளிதில் வற்றாது. அவ்வாறு விடுவதிலும் வயல் முழுவதும் நீர் நிற்பதே மேல் என்று கூறலாம். ஆகவே பலகை அடிக்கும்போதே மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கியூலெக்சு நுளம்பு ஒரு மைலுக்கு அப்பாலும் பறக்கும். ஒருவர் தம் வயலை மாத்திரம் காயவிடுவதால் ஊருக்கு அதிக பயன் இல்லை. ஒரே வாய்க்காலிற் பாயும் வயல்களுக்கு முறைவைத்து நீர்விடுமாறு கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்வது நன்று. வாய்க்கால்களையும் அதேவேளையிற் கவனிக்க. புல் மண்டி, கரை இடிந்து, நீர் ஊர்ந்து செல்லும் வாய்க்கால் நுளம்பின் தொட்டில். ஹுருளுவெவக் குளத்துக்கு நீர் கொண்டுவரும் யான் ஓயாவில் 1990 களில் நடந்த ஆராய்ச்சியில், நீர்மட்டம் தாழ்ந்து படுகையிலே குட்டைகள் தோன்றிய காலத்திலேயே மலேரியா நுளம்பு பெருகியதும், போதிய நீர் ஓடிய காலத்தில் அது குறைந்ததும் தெரியவந்தன. வயல் வேலை முடிந்து வாய்க்காலை அடைக்கும்போது ஆங்காங்கே தேங்கும் நீரை வெட்டி விடுதல் இதனாலேயே அவசியமாகின்றது.

வயலிலுள்ள துணைவர்

தும்பியின் குடம்பி, நீர்வண்டு, மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சி, சிறு மீன் ஆகியன நாள்தோறும் எண்ணற்ற நுளம்புக் குடம்பிகளை உண்பன. நெற்பூச்சிக்கென வயலிலே நஞ்சு தெளித்தால் முதலில் மடிவன இவையே. நுளம்போ சில நாளிலே திரும்பி வந்து முட்டையிடும்; எதிரி இல்லாத நீரில் அதன் குடும்பம் முன்னையிலும் பெருகும். தும்பி முட்டையிலிருந்து மீண்டும் வளர வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். பூச்சி வந்ததோ இல்லையோ நாட்குறித்து மருந்தடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கையும் செலவோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

யூரியா இட்ட வயலில் குடம்பி மிகுவதுண்டு. தமிழ்நாட்டில் நடந்த வயற் பரிசோதனைகளில், வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து இட்ட யூரியா கியூலெக்சுக் குடம்பிகளைக் குறைத்தது. பசளையும் வீணாகாமையால், வேப்பங்கொட்டை கிடைக்கும் இடங்களில் இது செய்துபார்க்கத் தக்கது.

கிணறும் தொட்டியும்

தோட்டக்காரர் முதலிற் கவனிக்க வேண்டியது கிணறு. நாள்தோறும் இறைக்கும் கிணற்றில் நீர் ஏறி இறங்குவதால் குடம்பி குறைவு. கைவிட்ட கிணறே பெருந்தீங்கு. அதனைத் தூர்க்கலாம், அல்லது நுண்வலையிட்டு மூடலாம். நீர் உவராயிருப்பதால் நுளம்பு வராது என்று நம்புவோர் பலர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீரிலேயே டெங்கு நுளம்பின் குடம்பிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

பயன்படும் கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி மீனை விடலாம். கிணறொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். பின் தானே பெருகும். நீரிறைக்கும் பொறியின் உறிஞ்சு குழாய்க்கு வலை கட்டாவிட்டால் மீன் குழாய்வழியே மிளகாய்ப் பாத்திக்குப் போய்விடும். கிணற்றுக்குக் குளோரீன் இட்டால் மீன் சாகும். அதன் வீறு தணிந்தபின் புதிதாக விடுக. மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்றடியிலே கழுவுவதை அறவே விட்டொழித்தல் வேண்டும். அது மீனுக்கு மாத்திரமன்றி அந்நீரைக் குடிக்கும் குழந்தைக்கும் நஞ்சு. கப்பி நம் நாட்டு மீன் அன்றாகையால், குளத்திலும் ஆற்றிலும் அதனைக் கொண்டுபோய் விடலாகாது.

கிணற்றிலும் தோட்டத்துக் குழியிலும் மண்ணெண்ணெய் அல்லது கழிவு எண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். சுண்ணாம்புக் கல் நிலத்தில் ஊற்றிய எண்ணெய் அயற்கிணறுகளுக்கும் ஊறிச் செல்லும். இதனைச் செய்யவேண்டாம். 1976 ஆம் ஆண்டு இசுரவேலின் நெகேவ் பாலைவனத்திலே கண்டெடுத்த ஒரு பற்றீரியா குடம்பியின் குடலை மாத்திரம் அழிப்பது. மீனுக்கும் மனிதருக்கும் தீங்கற்றது. மீன் விட இயலாத நீருக்கு அது ஏற்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அவர் சொற்படி உபயோகிக்கலாம்.

தோட்டத்திலே நீர் தேங்கும் மற்றைய இடங்கள் பல. மருந்து கரைக்கும் பீப்பா, பூவாளி, மூடாக்கிட்ட பொலித்தீனின் மடிப்பு, பொறியை மூடிய படங்கு, வேலியோரத்துப் பழைய ரயர், அணில் கோதிய தேங்காய், இளநீர்க் கோம்பை, சிரட்டை, வெட்டிய மூங்கிலின் அடி ஆகியன அவற்றுட் சில. ஈடிசு நுளம்பு பெரும்பாலும் சில நூறு யாருக்குள்ளேயே திரிவது. உம்முடைய வீட்டிலே ஒருவருக்கு டெங்கு கண்டால் அந்நுளம்பு உம்முடைய வளவிலோ அயல்வளவிலோ பிறந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது குற்றமாகும்.

குளத்திலும் மடுவிலும் சல்வினியா, ஆகாயத்தாமரை ஆகியவற்றை மண்டவிடலாகாது. மன்சோனியா என்னும் நுளம்பின் குடம்பி, நீர்மட்டத்துக்கு வராது, நீர்ப்பூண்டின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றையே சுவாசிக்கும். பூண்டை வாரிக் கரையேற்றினால் அது மூச்சற்று மாளும். வாரிய பூண்டு கூட்டெருவுக்கு உதவும்.

வேப்பிலைப் புகை நுளம்பைச் சிறிது நேரம் அகற்றும். அதன் தொகையைக் குறைக்காது. மாலையில் மாட்டுக்குப் புகை போடுவதை நிறுத்தவேண்டியதில்லை. ஆயினும் புகையை நம்பித் தொட்டியைக் கழுவாது விடுதல் தகாது. டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பதாகையால், பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை கட்டுக.

வடக்கிலும் கிழக்கிலும் டெங்கு மிகுவது வடகீழ்ப் பருவமழையோடு. ஐப்பசியில் முதல் மழை விழுமுன்னரே வளவைத் துப்புரவாக்கி, பீப்பாக்களைத் தேய்த்துக் கழுவி, பீலிகளில் அடைந்த சருகை எடுத்துவிடுக. அதன்பின் தை முடியும்வரை கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் வீட்டார் ஒருவர் வளவைச் சுற்றிப் பார்த்து வருமாறு ஒழுங்கு செய்துகொள்க.